ஆனி: ஊர் போனாலும் பேர் போகவில்லை



இந்தப் பக்கத்தில் நாம் ஒவ்வொரு முறையும் உலகத்தின் ஏதாவது ஓர் ஊரின் கதையைச் சொல்லி வருகிறோம். இம்முறை சொல்லப்போவது ஆட்கள் இல்லாத ஓர் ஊரின் கதை. அந்த ஊரின் பெயர் ஆனி. நமக்கு ஆனி என்றால் ஒரு மாதம். ஆர்மேனியருக்கோ அது ஒரு பழைய தலைநகரம். அதோடு, அவர்களின் பல வீடுகளில் ஒரு பெண்பிள்ளையின் பெயர்.

இந்தப் பெயரை நாம் முதன்முதலில் சரித்திரப் புத்தகத்தில் படிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். நம்முடைய மேசையில் ஓர் ஆர்மேனியத் தாயும் இருந்தார். குடும்பத்தைப் பற்றி ஆளுக்கு நாலு வசனம் சொல்லும்படி ஆசிரியை கேட்டபோது, தமது மகளின் பெயர் ஆனி என்றார் அவர். "எங்கள் மொழியில் அது ஒரு மாதத்தின் பெயர்" என்று நாம் அரைகுறையாகச் சொல்லி வைத்தோம். அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்கு அது ஊர்" என்றார்.

"உங்கள் ஊரா?"

"இல்லை. நான் அங்கே போனதேயில்லை. என் அம்மாவும் போனதில்லை. அங்கே இப்போது ஒருவரும் இல்லை."

தான் காணாத, ஆளில்லாத ஓர் ஊரின் பெயரை ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஏன் வைக்கிறார்? இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஊர் இருக்கும் இடம்

இன்றைய துருக்கியின் கிழக்கு எல்லையில், கார்ஸ் என்ற நகரிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தூரத்தில் ஆனி இருக்கிறது. முக்கோண வடிவான ஒரு மேட்டுநிலம் அது. கிழக்குப் பக்கம் அகுரியான் ஆறு நிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. துருக்கியர் அந்த ஆற்றை அர்ப்பாச்சாய் என்பார்கள். மேற்குப் பக்கம் இன்னொரு பள்ளத்தாக்கு. வடக்கே மட்டுந்தான் சமதரை. ஆகவே வடக்குப் பக்கத்தில் பலமான மதில் ஒன்றைக் கட்டிவிட்டால் நகரத்துக்குப் பெரும் பாதுகாப்பு.

அந்த அகுரியான் ஆறுதான் இன்று துருக்கிக்கும் ஆர்மேனியாவுக்கும் இடையிலான எல்லை. பழைய நாளில் ஆற்றைக் கடக்க ஒற்றை வளைவுள்ள கற்பாலம் ஒன்று இருந்தது. வளைவு எப்போதோ விழுந்துவிட்டது. இரு கரைகளிலும் அதன் அடிக்கட்டுகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. எத்தனையோ ஆர்மேனியர் தங்கள் நாட்டுக் கரையில் நின்று, எதிரே தெரியும் ஆனியின் தேவாலயங்களைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

ஊர் எழுந்த கதை

முதலில் ஆனி ஒரு சிறு கோட்டை. பக்ரதூனி என்ற ஆர்மேனிய அரச குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாம் அஷோட் மன்னன் 961ஆம் ஆண்டில் தன் தலைநகரைக் கார்ஸிலிருந்து இங்கே மாற்றினான். அதன்பின் ஊர் மளமளவென்று வளர்ந்தது. அவன் மகன் இரண்டாம் சிம்பாட் வடக்குப் பக்கத்தில் இரட்டை மதில் எழுப்பினான். அடுத்து வந்த முதலாம் காகிக் காலத்தில் (989 - 1020) ஆனி தன் உச்சத்தைத் தொட்டது. 992இல் ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைக் குருவும் தமது இருப்பிடத்தை இங்கே கொண்டுவந்தார்.

ஆசியாவின் வணிகப் பாதைகளில் ஒன்று இவ்வழியாகச் சென்றது. பட்டும் துணியும் உலோகச் சாமானும் கைமாறின. கல் பாவிய தெருக்கள், மண் குழாய்களில் ஓடிய தண்ணீர், குளிப்பதற்கான பொது மண்டபங்கள், ஆளிவிதை எண்ணெய் ஆட்டிய செக்குகள், பட்டறைகள் எல்லாவற்றையும் பின்னாளில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் பாறைகளைக் குடைந்தும் மக்கள் வீடு அமைத்து வாழ்ந்தார்கள். ஒரு லட்சம் பேர் வரை இங்கு இருந்ததாகச் சொல்வதுண்டு. அதைவிடக் குறைவு என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்தக் காலத்துக்கு அது பெரிய பட்டினமே. "ஆயிரத்தொரு கோயில்களின் நகரம்" என்று அதற்கொரு பட்டப்பெயரும் இருந்தது. ஆயிரத்தொன்று என்பது ஊர்ப்பெருமை. இதுவரை அடையாளம் கண்டவை சில பத்துகள்தான். அதுவே ஓர் ஊருக்குக் கொஞ்சமல்ல.

அவற்றுள் பெரியது தலைமைத் தேவாலயம். 989இல் தொடங்கி 1001இல் முடிந்தது என்று கொள்வர். மன்னன் சிம்பாட் தொடங்கியதை, காகிக்கின் அரசி கத்ரானிதே முடித்துவைத்தாள். தஞ்சையில் இராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010இல் என்பதை நினைத்துக்கொண்டால் காலம் மனதில் பதியும். இந்தத் தேவாலயத்தைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் திர்தாத். 989இல் நிலநடுக்கத்தால் கொன்ஸ்தாந்திநோபிளின் புகழ்பெற்ற ஹாகியா சோபியா தேவாலயத்துக் கூரைக் குவிமாடத்தின் ஒரு பகுதி இடிந்தபோது, அதைத் திருத்தவும் இவரைத்தான் அழைத்தார்கள். ஆனி தனக்கு வேண்டிய கைகாரரைத் தானே உருவாக்கி, பேரரசுக்கும் கடன் கொடுத்த காலம் அது.

கைக்குக் கை மாறிய நகரம்

செல்வம் உள்ள இடத்தில் கண் படாமல் இருக்குமா? மேற்கே பைசாந்தியப் பேரரசு. கிழக்கேயிருந்து செல்ஜூக் துருக்கியர். நடுவில் ஆனி.

கடைசி மன்னன் இரண்டாம் காகிக் இளைஞன். பேச்சுவார்த்தைக்கு என்று கொன்ஸ்தாந்திநோபிளுக்கு அழைத்த பேரரசன் ஒன்பதாம் கொன்ஸ்தாந்தைன், அவனைத் திரும்ப விடவில்லை. ஊருக்குள்ளேயே சிலர் பேரரசின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். நகரத்தின் திறவுகோல்களைக் கொண்டுவந்து காகிக்கின் கண்முன் வைத்தார்கள் என்று அக்கால வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. 1045இல் ஆனி பைசாந்தியத்தின் கைக்குப் போனது. மதிலை உடைத்துக்கொண்டு எவரும் வரவில்லை. திறவுகோல் கொடுத்தே ஊர் போனது.

1064இல் செல்ஜூக் சுல்தான் அல்ப் அர்சலான் படையோடு வந்தான். ஏறக்குறைய 25 நாள் முற்றுகை. ஊர் விழுந்தபின் நடந்த கொலையையும் கொள்ளையையும் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த அரிஸ்தாகெஸ் என்ற ஆர்மேனியத் துறவி தமது வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார். நாம் இன்று அந்த நாட்களைப் பற்றி ஏதும் அறிகிறோம் என்றால், அவரைப் போன்ற ஒரு சிலர் அழுதுகொண்டேனும் எழுதியதால்தான்.

1072இல் ஷத்தாதியர் என்ற குர்திய இஸ்லாமியக் குடும்பத்திடம் நகரம் விடப்பட்டது. அவர்கள் காலத்தில் எழுந்த மனுச்சிஹ்ர் பள்ளிவாசல் ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் எண்கோணக் கோபுரத்தோடு இன்றும் நிற்கிறது. அனத்தோலியா நிலப்பகுதியில் எழுந்த முதற் பள்ளிவாசல்களில் ஒன்று அது. பின்பு 12ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜியர் பலமுறை ஆனியைப் பிடிப்பதும் இழப்பதுமாக இருந்தனர். 1199இல் ஜோர்ஜிய அரசி தாமாரின் படைத்தலைவர்களாக இருந்த சகாரியன் என்ற குடும்பத்தார் கையில் ஊர் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் வீழ்ச்சியோடு ஊர் அழியவில்லை. இரண்டாவதோடும் அழியவில்லை. சகாரியன் காலத்தில் ஆனி மீண்டும் தளிர்த்தது. 1215இல் திக்ரான் ஹொனென்ஸ் என்ற பெருவணிகர் தமது சொந்தப் பணத்தில் ஒரு தேவாலயம் கட்டினார். அதன் உட்சுவர் முழுவதும் ஓவியம். வெளிச்சுவரில் நீண்ட கல்வெட்டு. முட்புதர் மண்டிய இந்த நிலத்தைத் தாம் வாங்கியதையும், தேவாலயத்துக்கு எழுதிவைத்த கிராமங்கள், கடைகள், தோட்டங்கள் முதலியவற்றையும் வரிவரியாக அதில் வெட்டிவைத்தார். ஆனியின் சுவர்களில் இப்படி நிறைய எழுத்துகள் உண்டு. கொடை, வரிக்குறைப்பு, கட்டியவர் பெயர், கட்டிய ஆண்டு எல்லாம் கல்லில். நம் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கம் புதிதாகத் தோன்றாது.

அப்படியானால் எப்போது அழிந்தது?

இதுதான் நாம் படித்ததில் நம்மை நிறுத்தி யோசிக்கவைத்த இடம். 1230களில் மொங்கோலியர் ஊரைச் சூறையாடினார்கள். 1319இல் பெரிய நிலநடுக்கம் ஒன்று. தலைமைத் தேவாலயத்தின் குவிமாடம் அதில் விழுந்தது. ஆனால் முன்பெல்லாம் இடிந்ததைத் திரும்பக் கட்டிய மக்கள் இம்முறை கட்டவில்லை. ஏன்? வரிச்சுமை தாங்கமுடியவில்லை. வணிகப் பாதைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. தொழில் இல்லாத ஊரில் சிற்பாசாரிக்கு என்ன வேலை? வணிகனுக்கு என்ன பிழைப்பு? முதலில் வசதியுள்ளவர்கள் போனார்கள். பிறகு கைத்தொழிலாளர். பிறகு மற்றவர்கள். 18ஆம் நூற்றாண்டளவில் அங்கே எவரும் இல்லை.

"எதிரி வந்தான், ஊர் அழிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் ஆனியின் கதை அப்படியில்லை. வாள் ஊரைக் காயப்படுத்தியது. காயம் ஆறுவதற்குள் ஆட்கள் போனார்கள். ஆட்கள் திரும்பி வராததால் ஊர் செத்தது. ஒருவரும் ஒரே நாளில் "இனி இந்த ஊர் வேண்டாம்" என்று முடிவெடுத்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் புறப்பட்டிருக்கும். இதை வாசிக்கும்போது உங்கள் மனதில் என்ன ஓடும் என்று நமக்குத் தெரியும். நமக்கும் அதுவே ஓடியது.

போனவர்கள் கொண்டுபோனவை

ஆனியையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டுப் போனவர்களில் பலர், கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியாவில் குடியேறினார்கள். அங்கிருந்தும் வேறு வழிகளாலும் ஒரு பிரிவினர் போலந்து அரசின் நிலங்களுக்குப் போனார்கள். "எங்கள் முன்னோர் ஆனியிலிருந்து வந்தவர்கள்" என்பது போலந்து ஆர்மேனியரும் கிரிமிய ஆர்மேனியரும் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவந்த செய்தி. எல்லாருடைய பாட்டன்மாரும் அந்த ஒரே நகரத்திலிருந்து வந்திருக்க முடியாதுதான். ஆனால் சிதறியவர்கள் தம்மை ஒன்றாகக் கட்டிக்கொள்ள அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் நகரம் அக்காலத்தில் போலந்து அரசின் கீழ் இருந்தது. 1356இல் மன்னன் மூன்றாம் கசிமீர், அந்நகர ஆர்மேனியர் தங்கள் வழக்குகளைத் தங்கள் சட்டப்படியே தீர்த்துக்கொள்ள உரிமை கொடுத்தான். 1363இல் அவர்கள் அங்கே தேவாலயம் கட்டத் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. அதன் பழைய பகுதியின் அமைப்பில் ஆனியின் சாயலைக் காண்பவர்கள் உண்டு. 1519இல் அவர்களுடைய சட்டத் தொகுப்பைப் போலந்து மன்னன் முதலாம் சிக்மண்ட் ஏற்று உறுதிசெய்தான். வந்த இடத்தில் சட்டபூர்வமாகக் காலூன்றிய சமூகம் என்று அவர்களைச் சொல்லலாம்.

மொழி விஷயத்தில் நடந்ததுதான் வியப்பு. கிரிமியாவில் இருந்த காலத்தில் அயலாரோடு பழகிப் பழகி, இவர்களில் பலர் கிப்சாக் என்ற துருக்கிய இன மொழியைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். லிவிவுக்கு வந்தபின்னும் வீட்டிலும் சந்தையிலும் அதுவே பேச்சு. ஆனால் எழுதும்போது? ஆர்மேனிய எழுத்தில்தான் எழுதினார்கள். வழக்குமன்றப் பதிவு, கணக்கு, செபம் எல்லாம் கிப்சாக் மொழி, ஆர்மேனிய எழுத்து. 1618இல் லிவிவ் நகரில் ஒரு செபப் புத்தகத்தை இவ்வாறே அச்சிட்டார்கள். கிப்சாக் மொழியில் அச்சான முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு.

நம் வீட்டில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். எழுத வேண்டி வந்தால் "அம்மா" என்பதை இந்த நாட்டு எழுத்தில் எழுதுகிறார்கள். அவர்களிடம் மொழி போய் எழுத்து நின்றது. நம்மிடம் எழுத்து போய் மொழி நிற்கிறது. எது நெடுநாள் தாங்கும்? லிவிவ் ஆர்மேனியர் நாளடைவில் கிப்சாக்கையும் விட்டுப் போலந்து மொழிக்கு மாறிப் போலந்து மக்களோடு பெரும்பாலும் கலந்துவிட்டார்கள். எழுத்து மட்டும் அவர்களைக் காக்கவில்லை.

கிரிமியாவில் தங்கிய ஆர்மேனியரின் கதை வேறு. 1778இல் ரஷ்யப் பேரரசி கத்தரீன் அவர்களைக் கிரிமியாவிலிருந்து தொன் ஆற்றங்கரைக்கு மாற்றினாள். அங்கே அவர்கள் புதிய நகிச்சவான் என்ற நகரத்தையும் அதைச் சுற்றிக் கிராமங்களையும் அமைத்துக் கூட்டமாக வாழ்ந்தார்கள். அந்தக் குடியேற்றத்தில் ஆர்மேனியப் பேச்சு வழக்கு ஒன்று தலைமுறைகளாக நின்று நிலைத்தது. இரண்டு கூட்டமும் ஆனியைத்தான் பூர்வீகம் என்றன. ஒன்று பேச்சை விட்டது, மற்றது பேச்சைக் காத்தது. பேசுவதற்குப் பக்கத்தில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இதிலிருந்து நாம் ஊகிக்கலாம்.

மண்ணைத் தோண்டியவர்கள்

1878இல் கார்ஸ் பகுதி ரஷ்யாவின் கைக்கு வந்தது. நிக்கொலாய் மார் என்ற அறிஞர் 1892இல் ஆனியில் அகழ்வாய்வைத் தொடங்கினார். இடையில் நின்று, 1904 முதல் 1917 வரை ஆண்டுதோறும் வேலை நடந்தது. ஆர்மேனியக் கட்டடக்கலை அறிஞர் தோரோஸ் தோரமானியான் தேவாலயங்களை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தார். மாணவராக வந்த ஜோசப் ஓர்பெலி கல்வெட்டுகளைப் பிரதி செய்தார். கண்டெடுத்த பொருட்களை வைக்க ஓர் அருங்காட்சியகம் வேண்டியிருந்தது. அதற்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? அந்தப் பழைய மனுச்சிஹ்ர் பள்ளிவாசல்தான்.

1906இல் ஓர் இடிந்த தேவாலயத்தின் மண்ணுக்குள்ளிருந்து மன்னன் முதலாம் காகிக்கின் கற்சிலை வெளிப்பட்டது. ஆள் உயரத்தைவிடப் பெரியது. தலைப்பாகை கட்டிய மன்னன், தான் கட்டிய கோயிலின் சிறு உருவத்தைக் கைகளில் ஏந்தி நின்றான். முதலாம் உலகப் போரின் குழப்பத்தில் அந்தச் சிலை காணாமற்போனது. இன்று நமக்குக் காகிக்கின் உருவம் தெரிகிறது என்றால், கண்டெடுத்த நாட்களில் யாரோ ஒருவர் படம் எடுத்து வைத்ததால்தான். தொள்ளாயிரம் ஆண்டு பழமையான கல் போய்விட்டது. ஒரு துண்டுக் காகிதம் நிற்கிறது.

1918இல் ஒட்டோமான் படைகள் நெருங்கியபோது, அஷ்கார்பேக் கலந்தார் என்ற தொல்லியலாளர் முன்னின்று, கொண்டுபோகக்கூடிய ஏறக்குறைய 6,000 பொருட்களை அங்கிருந்து அகற்றினார். அவை யெரெவான் நகரில் ஆர்மேனிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. விட்டுப்போனவை பெரும்பாலும் சூறையாடப்பட்டும் உடைந்தும் போயின. ஓடும் அவசரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கு நம்மில் பலருக்குப் புதிதல்ல.

எல்லைக் கம்பிக்குப் பின்னால்

1915 முதல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர் இனப்படுகொலைக்கு ஆளானார்கள் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். தப்பியவர்கள் உலகமெங்கும் சிதறினார்கள். 1921இல் மொஸ்கோவிலும் கார்ஸிலும் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி ஆனி துருக்கியின் பக்கம் நின்றது. எல்லைக்கோடு ஆற்றோடு போனது. அந்த ஆண்டில் ஆனியின் சின்னங்களைத் தரைமட்டமாக்கும்படி தமக்குக் கட்டளை வந்தது என்றும், தாம் அதற்கு இணங்கவில்லை என்றும் துருக்கியத் தளபதி காசிம் கராபெகிர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஓர் எதிர்ப்படைத் தளபதியின் மறுப்பும் ஊரின் கதையில் ஒரு வரிதான்.

அதன்பின் சோவியத் காலம். ஆற்றின் இருபக்கமும் காவற் கோபுரங்கள். ஆனி இராணுவ வலயத்துக்குள் அகப்பட்டது. போய்ப் பார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும். ஒரு காலத்தில் படம் எடுக்கவும் தடை. 2004இல்தான் அந்த அனுமதி முறை விலக்கப்பட்டது. பராமரிப்பில்லாத கட்டடங்களை இயற்கையும் விட்டுவைக்கவில்லை. மீட்பர் தேவாலயம் என்ற வட்டமான அழகிய கட்டடம் 1957இல் புயலின்போது நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதி சரிந்தது. மறுபாதி, கத்தியால் வெட்டிய பழம்போல இன்றும் நிற்கிறது. 1988 மார்கழியில் ஆர்மேனியாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் தலைமைத் தேவாலயத்தின் ஒரு மூலை இடிந்தது. பின்னர் ஆற்றுக்கு அக்கரையில், ஆர்மேனியப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடத்தில் வைத்த வெடிகளாலும் சுவர்கள் அதிர்கின்றன என்ற முறைப்பாடு எழுந்தது. பிறர் செய்த கேட்டைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தானே வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. 2011இல் துருக்கியின் பண்பாட்டு அமைச்சும் உலக நினைவுச்சின்ன நிதியமும் சேர்ந்து தலைமைத் தேவாலயத்தையும் மீட்பர் தேவாலயத்தையும் பாதுகாக்கும் வேலையை அறிவித்தன. 2016 ஆடி மாதத்தில் யுனெஸ்கோ ஆனியை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

சென்னையில் ஓர் ஆர்மேனியத் தெரு

ஆர்மேனியரின் கதையில் நம் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. சென்னையில் ஆர்மேனியன் தெரு என்ற தெரு இருப்பதைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அங்கே 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. அங்கு வந்து வணிகம் செய்தவர்கள் ஆனியிலிருந்து நேரே வந்தவர்கள் அல்லர். அவர்களின் முன்னோரில் பெரும்பாலோர் ஜுல்பா என்ற இன்னோர் ஆர்மேனிய நகரத்தவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் அவர்களை வேரோடு பெயர்த்து இஸ்பகானில் குடியேற்றினான். அதுவும் ஊர் இழந்த கூட்டந்தான்.

அந்தச் சென்னையில் ஹருத்தியூன் ஷ்மவோனியான் என்ற ஆர்மேனியக் குருவானவர் 1794இல் "அஸ்தரார்" என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே முதலாவது ஆர்மேனியச் சஞ்சிகை அதுதான். ஆர்மேனியாவில் அச்சாகவில்லை, சென்னப்பட்டினத்தில் அச்சானது. 1796 வரை 18 இதழ்கள் வந்தன. சந்தாக்காரர் சிலர்தான். பதினெட்டே இதழ்கள்தான். ஆனாலும் ஆர்மேனியப் பத்திரிகை வரலாற்றை எவர் எழுதினாலும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. குளிர்காலத்து இரவில், வேலை முடிந்து வந்து, மடித்து ஊசி குத்தித் தபாலில் சேர்க்கும் நம் சிறு சஞ்சிகைகளை நினைத்துக்கொண்டோம். மனதுக்குத் தெம்பாக இருந்தது.

நாம் சொல்ல வந்தது

அந்த ஆர்மேனியத் தாய் ஏன் மகளுக்கு ஆனி என்று பெயர் வைத்தார் என்பது இப்போது நமக்கு ஓரளவு விளங்குகிறது. கல் விழுந்துவிடும். சிலை காணாமற்போகும். பாலத்தின் நடுவே எல்லை விழும். ஆனால் ஒரு பெயரை வீட்டுக்குள் ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்டால், அதை எந்தக் காவற்கோபுரமும் தடுக்க முடியாது. பெயர் மட்டும் போதுமா என்றால் போதாது. ஆனி இன்று நமக்குத் தெரிவது, அதன் சுவரில் கணக்கு வெட்டிய வணிகராலும், துயரத்தை எழுதிய துறவியாலும், அளந்தவர், பிரதி செய்தவர், படம் எடுத்தவர் ஆகியோராலுந்தான். அவர்களில் ஒருவரும் ஊரைக் காப்பாற்றவில்லை. ஆனால் ஊர் எப்படி இருந்தது என்பதைக் காப்பாற்றினார்கள்.

புதிதாக வந்து குடியேறியிருக்கும் உங்களுக்கு ஆயிரம் அலுவல்கள் இருக்கும். வீடு, வேலை, விசா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இருந்தாலும் ஒரு சிறிய காரியத்தைக் கேட்கிறோம். உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். ஊரில் உங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியை முதலில் கேளுங்கள். எந்த ஒழுங்கை, எந்தச் சந்தி, யாருடைய கிணறு, எந்த மரத்தடி, எந்தக் கடை, எந்த வயலுக்கு என்ன பெயர் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். தெரிந்த மட்டில் படம் கீறச் சொல்லுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயரும் ஆண்டும் குறித்துவையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். எழுதுவது அவர்கள் கையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஊருக்குப் போகக் கிடைத்தால் அந்தக் கொப்பி வழிகாட்டும். போகக் கிடைக்காவிட்டால், என்றைக்கோ ஒருநாள் இந்த நாட்டு வகுப்பறையில் யாரோ ஒருவர் உங்கள் பேத்தியிடம் "உன் ஊர் எது?" என்று கேட்கும்போது, அவளுக்குச் சொல்ல ஒரு வழி, ஒரு கிணறு, ஒரு மரம் இருக்கும்.

அடுத்த இதழில் இன்னோர் ஊரோடு சந்திப்போம்.